பம்ப் தண்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடைவது ஏன்?

உரும்பிராய்த் தோட்டத்தில் பெல்ட்டில் ஓடும் நீர் பம்பின் தண்டு, கப்பிக்குப் பக்கத்தில் மூன்றாவது தடவையும் உடைந்துவிட்டது, இன்னும் தடிப்பாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் உடைந்த முகத்தைக் கழுவிப் பாருங்கள். கசூரினாக் கடற்கரையில் அலை வற்றும்போது மணலில் விடும் கோடுகள் மாதிரி வளைவுகள் தெரிந்து, மிச்சம் கரடுமுரடாக இருந்தால் அது களைப்பு முறிவு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்து, சின்ன விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்து உடைவது. ஒரே நாளில் பாரம் தாங்காமல் உடைந்ததல்ல.

பெல்ட் இழுப்பதால் தண்டு வளைகிறது. நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால், அத்தனை தடவை ஒவ்வொரு பக்கமும் இழுபட்டு அமுங்கும். நாளுக்கு 3 மணி நேரம் இறைத்தால் 2,70,000 தடவை. நாலே நாளில் பத்து இலட்சம் தாண்டும். தண்டின் விட்டம் மாறும் படியில் மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். லேத்காரரிடம் அந்த மூலையை வளைவாகக் கடையச் சொல்லுங்கள், பெயரிங் விளிம்பில் இடிக்காத அளவுக்கு. தடிப்பைக் கூட்டினாலும் பலன் உண்டுதான். ஆனால் பெயரிங், கப்பி எல்லாம் மாற்ற வேண்டிவரும். உடைந்ததை வெல்டிங் பிடித்துப் போடுவது மட்டும் வேண்டாம்.

பெல்ட்டையும் அளவுக்கு மீறி இறுக்கியிருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். கப்பியைப் பெயரிங்குக்கு நெருக்கமாகத் தள்ளினால் வளைவு குறையும்.

அப்புறம், மாற்றும் தண்டில் விரிசல் உண்டா என்று பார்க்க, மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் பூசுங்கள். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும்.