எரிமலையும் காட் மீனும்

கேள்வி: 1973-இல் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்ததும் பிரிட்டனோடு மோதல் நடந்ததும் ஒரே வருடத்திலாமே. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு. மீன்!

ஜனவரி 23, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி சுமார். ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில், ஊரின் கடைசி வீடுகளுக்குப் பக்கத்திலேயே தரை பிளந்து, ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நெருப்பு சீறியது. தீவில் சுமார் 5,300 பேர். முந்தின நாள் புயல் என்பதால் மீன்பிடிப் படகுகள் கடலுக்குப் போகாமல் துறைமுகத்திலேயே நின்றன. அதிர்ஷ்டம் என்றால் இதுதான். படுக்கையிலிருந்து எழுந்து வந்த சனங்களை அந்தப் படகுகளில் ஏற்றி, சில மணி நேரத்தில் ஐஸ்லாந்தின் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

தங்கியவர்கள் கூரைகளில் குவிந்த சாம்பலை மண்வெட்டியால் தள்ளினார்கள், ஜன்னல்களுக்குத் தகரம் அடித்தார்கள். அப்படியும் சுமார் 400 வீடுகள் போயின. ஆனால் பெரிய கவலை வீடு அல்ல. ஊர்ந்து வந்த லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, துறைமுக வாயை அடைத்துவிட்டால்? நாட்டின் முக்கியமான மீன்பிடித் துறைமுகம் அது. தோர்ப்யோர்ன் சிகுர்கெய்ர்ஸன் என்ற இயற்பியலாளர், கடல்நீரைப் பீய்ச்சி லாவாவை உறைய வைக்கலாம் என்றார். ‘லாவா மேல் ஒன்றுக்குப் போகிற வேலை’ என்று முதலில் கிண்டல் செய்தார்கள். அப்புறம் அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகளே வந்து இறங்கின. ஜூலையில் எரிமலை அடங்குவதற்குள் சுமார் 60 லட்சம் டன் தண்ணீர். துறைமுகம் தப்பியது. தப்பியது மட்டுமா, உறைந்த லாவா அலைதடுப்பாகவும் நின்றுகொண்டது!

கேள்வி: சரி, ராணுவமே இல்லாத நாடு பிரிட்டனை எப்படி எதிர்த்தது?

பதில்: கத்தரித்து! 1972 செப்டம்பரில் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50 ஆக்கியது. பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் சட்டை செய்யவில்லை. ஐஸ்லாந்தின் கடலோரக் காவல் கப்பல் என்ன செய்யும் தெரியுமா? நங்கூரம் மாதிரி ஒரு வெட்டுக் கருவியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு, படகுக்கும் வலைக்கும் நடுவே குறுக்கே போகும். வலையின் இரும்பு வடம் அறும். பிடித்த காட் மீனோடு வலை கடலடியில். 1973 மே மாதம் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்ப, அதே மாதம் 26-ஆம் தேதி ‘ஐகிர்’ என்ற காவல் கப்பல் ‘எவர்ட்டன்’ என்ற பிரிட்டிஷ் படகைப் பீரங்கியாலேயே சுட்டது. இத்தனைக்கும் இரண்டு நாடுகளும் நேட்டோ ராணுவக் கூட்டணியில் கூட்டாளிகள்! ஐஸ்லாந்து நேட்டோவை விட்டுப் போய்விடும் என்ற பயம்தான் சமரசத்துக்கு வழி விட்டது. நவம்பரில் உடன்பாடு: பிரிட்டன் ஆண்டுக்கு 1,30,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது.

கேள்வி: அந்த வருடம் அமெரிக்க அதிபர் நிக்ஸனும் அங்கே போனாரா?

பதில்: போனார். மே 31-இல் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் பிரெஞ்சு அதிபர் பொம்பிடுவைச் சந்தித்தார். ‘ஐகிர்’ சுட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. ஹெய்மேயில் பம்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கென்னவோ இரண்டு அதிபர்களையும் விட அந்தப் பம்புக்காரர்களைத்தான் பார்க்க ஆசை.

கேள்வி: ஹெய்மேக்காரர்கள் ஊர் திரும்பினார்களா?

பதில்: பெரும்பாலோர் திரும்பினார்கள். வீடுகளை விழுங்கிய லாவா உள்ளே பல வருடம் ஆறவில்லை. அதில் குழாய் பதித்துத் தண்ணீரைச் சூடாக்கி, மிச்சமிருந்த வீடுகளின் குளிரைப் போக்கிக்கொண்டார்கள்.