இனமும் முன்கதையும்: டி அண்ட் டி கேள்வி – பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது, ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டம். அதில் முதல் பகடை உருளும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. யார் எந்த இனம், எங்கிருந்து வருகிறார், எதற்காக வீட்டைவிட்டு வெளியே வந்தார் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிறது. இந்த இதழில் அதைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். பதில்கள் 5ஆம் பதிப்பின் 2014 கையேட்டை ஒட்டியவை. 2024 கையேட்டில் விதி மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதல் தடவையாக டி.எம். (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) ஆகப்போகிறேன். ஐந்து பேர் ஆடுகிறார்கள். எல்லா இனங்களையும் திறந்துவிடலாமா, பட்டியல் போட வேண்டுமா?
– வாசகர், கோவை

பட்டியல் போடுங்கள். ஐந்தாறு இனம் போதும். ஆனால் பட்டியலைக் கையேட்டிலிருந்து எடுக்காதீர்கள், முதல் ஆட்டம் நடக்கிற ஊரிலிருந்து எடுங்கள்.

அது ஒரு உப்பளத் துறைமுகம் என்று வைத்துக்கொள்வோம். பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் மனிதர்கள். கிடங்குச் சாவியும் கணக்குப் புத்தகமும் சின்ன உருவ நோம்களிடம் இருக்கின்றன. மலையிலிருந்து இரும்பு கொண்டுவந்து கொடுத்து உப்பு வாங்கிப்போகிறவர்கள் கட்டையான குள்ளர்களான ட்வார்ஃப்கள். கழிமுகத்தில் படகு தள்ளுகிறவர்கள் குழந்தை உயரமே உள்ள ஹாஃப்லிங்குகள். பழைய போரில் தோற்று இங்கேயே தங்கிவிட்ட ஹாஃப்-ஆர்க் (மனிதரும் ஆர்க் இனமும் கலந்தவர்கள்) குடும்பங்கள் மூட்டை தூக்கிப் பிழைக்கின்றன, அவர்களுக்கென்று ஒரு தெரு இருக்கிறது. இப்படி ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: எங்கே குடியிருப்பு, என்ன பிழைப்பு, யாரோடு மனத்தாங்கல். அந்த ஒரு வரி எழுத வராத இனத்தை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பறவை மனிதர், ஆமை மனிதர், இயந்திர மனிதர் என்று ஐந்து பேரும் ஐந்து திசையில் போவார்கள். பிறகு ஒவ்வொரு ஊர் வாசலிலும் காவலன் மிரண்டு நிற்கும் காட்சியையே திரும்பத் திரும்ப ஆட வேண்டும். இல்லையென்றால் யாரும் எதையும் கண்டுகொள்ளாத மாதிரி நடத்த வேண்டும். முன்னது இரண்டாவது வாரமே அலுத்துவிடும். பின்னதில், ஆசைப்பட்டு அபூர்வ இனத்தை எடுத்தவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லாமல் போகிறது, அது பெரிய அநியாயம். ஆகவே பட்டியலுக்கு வெளியே ‘வெளியூர்க்காரர்’ என்று ஒரே ஒரு இடம் வையுங்கள். ஒரு குழுவில் ஒருவர் மட்டும் விசித்திரமாக இருந்தால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும்.

ட்வார்ஃப் மந்திரவாதி ஆட ஆசை. “அறிவுக்குப் போனஸ் கிடையாது, வீணாகிவிடும்” என்று நண்பர்கள் தடுக்கிறார்கள்.
– வாசகி, திருச்சி

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆறு திறன் எண்களையும் 27 புள்ளிக்குள் வாங்கும் முறையில், ட்வார்ஃபின் உட்பிரிவான மலை ட்வார்ஃப் ஒன்றை இப்படி அமைக்கலாம்: வலு 8, சுறுசுறுப்பு 14, உடல் உறுதி 14, அறிவு 15, விவேகம் 12, கவர்ச்சி 8. 8-க்குச் செலவு இல்லை, மற்ற நான்குக்கும் வரிசையாக 7, 7, 9, 4, மொத்தம் 27. இனத்தின் போனஸ் சேர்ந்ததும் வலு 10, உடல் உறுதி 16 ஆகிவிடும்.

இதே புள்ளிகளோடு ஹை எல்ஃப் (நெடுநாள் வாழும் எல்ஃப் இனத்தின் ஓர் உட்பிரிவு) எடுத்தால் அறிவு 16, அதாவது பகடையோடு கூட்டும் எண் +3. உங்களுக்கு +2. லெவல் 1-இல், அதாவது தொடக்க நிலையில், பயிற்சிக்கான +2-உம் சேர்ந்து தாக்குதல் பகடையில் அவருக்கு +5, உங்களுக்கு +4. கவச எண் (தாக்குவதற்கு எட்ட வேண்டிய எண்) 13 உள்ள எதிரியை இருபது முகப் பகடையில் அவர் 65 சதவீதம் தாக்குவார், நீங்கள் 60 சதவீதம். இருபது உருட்டலில் ஒன்றுதான் வித்தியாசம். தயார் செய்துவைக்கும் மந்திரத்திலும் ஒன்று குறையும். இந்த ஒரு படி இடைவெளி தானாக மறையாது. இருவரும் அறிவையே ஏற்றிக்கொண்டு போனால் லெவல் 12-இல்தான் சமமாவீர்கள். அதையும் தெரிந்துகொண்டே எடுங்கள்.

இதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதை உங்கள் நண்பர்கள் கவனிக்கவில்லை. மலை ட்வார்ஃபுக்கு நடுத்தரக் கவசப் பயிற்சி பிறப்பிலேயே உண்டு. பயிற்சி உள்ள கவசத்தைப் போட்டுக்கொண்டு மந்திரம் போட விதி அனுமதிக்கிறது. 50 பொற்காசுக்கு ஸ்கேல் மெயில் (செதில் கவசம்) வாங்கினால் கவச எண் 16. அந்த ஹை எல்ஃபுக்குச் சுறுசுறுப்பும் 16 ஆகும், ஆனாலும் ‘மேஜ் ஆர்மர்’ மந்திரத்துக்கு ஒரு ஸ்லாட்டை (நாளுக்கு இத்தனை என்று அளவுள்ள மந்திர வாய்ப்பு) செலவழித்துத்தான் அதே 16-ஐ எட்டுவார். உங்கள் ஸ்லாட் மிச்சம். ஹெச்.பி. (உயிர்ப்புள்ளி) 9, விஷத்துக்கு எதிர்ப்பும் உண்டு. நடை 25 அடிதான், ஸ்கேல் மெயில் சத்தம் போடும், பதுங்கிப் போவது கடினம். குழுவில் ஒரு திருடர் இருந்தால் அவரை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.

2020-இல் வந்த துணை நூல் இனப் போனஸை இடம் மாற்றிக்கொள்ள அனுமதித்தது. உங்கள் டி.எம். அதை ஏற்றால் வலுவின் +2-ஐ அறிவுக்குக் கொண்டுபோய் 17-இல் தொடங்கலாம். 2024 கையேட்டில் போனஸ் இனத்தோடு இல்லவே இல்லை, பின்னணியோடு, அதாவது கதாபாத்திரம் முன்பு செய்த வேலையோடு வருகிறது. அறிஞர் பின்னணி எடுத்தால் உடல் உறுதி, அறிவு, விவேகம் மூன்றில் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். அங்கே ட்வார்ஃபின் கவசப் பயிற்சி போய்விட்டது. பதிலாக லெவலுக்கு ஒரு ஹெச்.பி. கூடுதல், நடையும் 30 அடி.

நண்பர்களின் தயக்கத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் ட்வார்ஃப் போர்வீரனாக மட்டும்தான் இருக்க முடியும், அதுவும் லெவல் 6 வரைதான். அந்த வேலிகளை 2000-இல் வந்த 3ஆம் பதிப்பு பிடுங்கி எறிந்துவிட்டது. நீங்கள் தாராளமாக ஆடுங்கள்.

எங்கள் குழுவில் நான்கு பேருக்கு டார்க்விஷன் (இருள்பார்வை) உண்டு, எனக்கு மட்டும் இல்லை. நான் தீப்பந்தம் ஏற்றினால் திட்டுகிறார்கள். இனத்தை மாற்றிவிடட்டுமா?
– வாசகர், மதுரை

மாற்ற வேண்டாம். டார்க்விஷன் என்பது பகல் போலப் பார்ப்பது இல்லை. 60 அடிக்குள் இருட்டு மங்கல் வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல். மங்கலில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு இரண்டு பகடையில் குறைந்ததை எடுக்க வேண்டும், உருட்டாமல் கணிக்கும் பாஸிவ் எண்ணில் 5 குறையும். பாஸிவ் 13 உள்ள எல்ஃப், பந்தம் இல்லாத சுரங்கத்தில் வெறும் 8. கண்டுபிடிக்க 12 வேண்டும் என்று வைத்த பொறிக்கயிறு அவள் காலில்தான் சிக்கும்.

உங்கள் பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அடுத்த 20 அடிக்கு மங்கல், ஒரு மணி நேரம் எரியும், விலை ஒரு செப்புக்காசு. 5 பொற்காசுக்கு மூடி போட்ட லாந்தர் வாங்கினால் 30 அடி வெளிச்சம், ஒரு புட்டி எண்ணெய்க்கு ஆறு மணி நேரம், எதிரி வந்தால் மூடியும் விடலாம். முன்னால் ஒருவர் இருட்டில் 60 அடி தள்ளிப் போகட்டும், லாந்தர் பின்னால் வரட்டும். அடுத்த அமர்வில் இதைச் சொல்லுங்கள், திட்டு நிற்கும்.

பறக்கும் இனத்தை லெவல் 1-இல் அனுமதிக்கலாமா?
– வாசகர், சேலம்

எழுதி வைத்த சாகசம் ஆடுவதாக இருந்தால் அனுமதிக்காதீர்கள். அகழி, மதில், பள்ளம் எல்லாம் ஒரே நொடியில் பொருளற்றுப் போகும். வில் இல்லாத எதிரி கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான். 2015-இல் வந்த ஆராகோக்ரா என்னும் பறவை மனிதரின் பறக்கும் வேகம் 50 அடி. 2022-இல் அதை நடைவேகமான 30-க்குக் குறைத்தார்கள்.

அனுமதித்தால், விழுவதைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். 60 அடி உயரத்தில் இருப்பவர் தூக்க மந்திரத்தில் சிக்கினால் விழுவார். பத்தடிக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை) வீதம் 6டி6, சராசரி 21. ஹெச்.பி. 9 உள்ளவருக்கு 9 போக மிச்சம் 12. மிச்சம் முழு ஹெச்.பி.யைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த இடத்திலேயே மரணம், உயிர் காக்கும் பகடைகூடக் கிடையாது. பறவையை ஆசையாக எடுத்த ஆட்டக்காரர் மூன்றாவது அமர்வில் இப்படிச் சாவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

நடுவழி ஒன்று உண்டு. லெவல் 4 வரை சிறகு தாவவும் சறுக்கவும் மட்டும், தன் முறை முடியும்போது தரையில் நிற்க வேண்டும். லெவல் 5-இல் முழுப் பறத்தல். மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கிடைப்பதும் அந்த லெவலில்தான், அதனால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

எட்டுப் பக்கம் முன்கதை எழுதிக் கொடுத்தேன். டி.எம். அதைத் தொடவே இல்லை. எங்கே தவறினேன்?
– வாசகி, சென்னை

உங்கள் கடிதத்தோடு அனுப்பிய சுருக்கத்தைப் படித்தோம். கிராமம் எரிந்தது, பெற்றோர் இறந்தார்கள், நாயகி காட்டில் தனியே வளர்ந்தாள், எரித்தவனைத் தேடிப்பிடித்துக் கொன்றாள், இனி அவளுக்கு யாரும் இல்லை. எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் டி.எம். பிடித்து இழுக்க அதில் ஒரு நூல்கூட இல்லை. தெரிந்தவர்கள் எல்லாம் செத்துவிட்டார்கள், பழியும் தீர்ந்துவிட்டது. கதை முடிந்த பிறகு உங்கள் ஆட்டம் தொடங்குகிறது.

எட்டுப் பக்கத்தை இருநூறு சொல்லுக்குள் கொண்டுவாருங்கள். உயிரோடு இருக்கும் மூன்று பேர் வேண்டும்: அவளை நேசிக்கிற ஒருவர், அவள் கடன்பட்ட ஒருவர், அவளைத் தேடுகிற ஒருவர். உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வி வேண்டும். அந்த விடையை டி.எம்.மிடம் விட்டுவிடுங்கள். கடைசி வரி, அவள் ஏன் இன்று இந்தக் குழுவோடு கிளம்புகிறாள் என்பதில் முடிய வேண்டும்.

மேலே சொன்ன உப்புத் துறைமுகத்திலேயே ஒரு ஹாஃப்லிங் திருடியை எழுதிப் பார்க்கலாம்:

‘உப்புக் கிடங்கில் இரவுக் காவல் அவளுடைய வேலை. பின்கதவைத் தாழ் போடாமல் விடுவதற்கு இருபது பொற்காசு வாங்கினாள். விடிவதற்குள் கிடங்கு எரிந்தது, உள்ளே தூங்கிய தம்பியின் கை வெந்துபோனது. காசு கொடுத்தவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை, இடது கையில் இரண்டு விரல் இல்லை என்பது மட்டும் தெரியும். கிடங்குக்கார நோம் கிழவர் அவளைச் சந்தேகிக்கவில்லை, வைத்தியர் கூலியும் அவரே கொடுத்தார். துறைமுகக் காவல் தலைவிக்குச் சந்தேகம் உண்டு. ஐந்து காசு மருந்துக்குப் போனது. மிச்சம் பதினைந்தைத் தொட மனம் வரவில்லை. நேற்று மலைப்பாதை வணிகர் ஒருவர், இரண்டு விரல் இல்லாத ஒருவனைச் சுங்கச்சாவடியில் பார்த்ததாகச் சொன்னார்.’

குற்றவாளி பின்னணியில் தொடங்குகிறவருக்குக் கையேடு தரும் பணம் சரியாக 15 பொற்காசு. எல்லோரும் அதை எண்ணாகத்தான் எழுதிக்கொள்வார்கள். இங்கே அந்தப் பை கனக்கிறது. அவள் அதிலிருந்து முதல் காசை எடுக்கும்போது மேசையில் எல்லோரும் கவனிப்பார்கள். தம்பி, கிழவர், காவல் தலைவி, விரல் இல்லாதவன் என்று டி.எம்.முக்கு நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். தீ வைக்கச் சொன்னது யார் என்பதும் அவருக்கு விட்ட கேள்வி.

அந்தச் சுருக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. நாயகி ஒரு டிராகனையும் வீழ்த்தியிருக்கிறாள். லெவல் 1 ஆளுக்கு ஹெச்.பி. பத்தை ஒட்டித்தான் இருக்கும், இரண்டு கோப்ளின் (குட்டிப் பூதம்) சேர்ந்தால் படுத்துவிடுவாள். டிராகனை வருங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் எல்ஃபுக்கு 140 வயது, லெவல் 1. இத்தனை வருடம் என்ன செய்தாள் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
– வாசகி, யாழ்ப்பாணம்

எல்ஃபுகள் நூறு வயதை ஒட்டித்தான் பெரியவர்கள் என்று எண்ணப்படுகிறார்கள், 750 வரை வாழலாம். வயதை 105 ஆக்கினால் கேள்வியே எழாது. 140 தான் வேண்டுமென்றால், மெதுவாக நடக்கிற ஒரு வேலையைக் கொடுங்கள். நாற்பது வருடம் ஒரே தோப்பில் மரங்களை ஒட்டுப் போட்டு வளர்த்தாள், வாளைத் தொட்டது போன வருடம்தான் என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். குழுவிலுள்ள மனிதரின் பாட்டி சிறுமியாக இருந்தபோதே அவரை இவள் பார்த்திருக்கலாம். அந்த ஆட்டக்காரரிடம் இன்றே பேசி வையுங்கள்.

2024 கையேட்டில் ஹாஃப்-எல்ஃப் இல்லையே. பழைய கேரக்டரை என்ன செய்வது?
– வாசகர், வேலூர்

அப்படியே கொண்டுபோகலாம், அந்தக் கையேடே வழி சொல்கிறது. பழைய இனத்தின் எண் போனஸை விட்டுவிட வேண்டும், மற்ற பண்புகள் இருக்கும். போனஸும் தொடக்க ஃபீட்டும் (சிறப்புத் திறன்) பின்னணியிலிருந்து வரும். இரண்டு போனஸையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு, டி.எம். அதை மட்டும் சரிபார்க்க வேண்டும்.

டீஃப்லிங் (நரக வம்சத்தில் வந்த, கொம்புள்ள இனம்) ஆடுகிறேன். ஊருக்கு ஊர் அவமானப்படுத்துகிறார்கள். கதைக்குச் சரிதான், ஆனால் எனக்கு வலிக்கிறது.
– வாசகர், ஈரோடு

ஆட்டத்துக்கு வெளியே, பகடையை வைத்துவிட்டு, டி.எம்.மிடம் இப்படியே சொல்லுங்கள். வெறுப்பு ஒரு இடத்தில், ஒரு காரணத்தோடு, ஒரு முகத்தோடு வந்தால் கதை. எல்லா ஊரிலும் எல்லோரிடமும் வந்தால் அது வெறும் வதை. கொம்பைப் பார்த்ததும் கல்லெறிகிற ஊர் ஒன்று, கொம்பைப் பார்த்ததும் கடனுக்குச் சோறு போடுகிற சத்திரம் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். கேம்பைன் (பல அமர்வு நீளும் தொடர்கதை) தொடங்கும் முன் நடக்கும் செஷன் ஜீரோவில் டி.எம். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி இது: “உன் இனத்துக்காக உன்னை வெறுப்பது ஆட்டத்தில் வரலாமா, எந்த அளவுக்கு?” வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் விவாதிக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கையேடு வாங்கக் காசில்லை. இலவசமாக எது வைத்துத் தொடங்கலாம்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

5ஆம் பதிப்பின் எஸ்.ஆர்.டி. 5.1 விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார்கள். சட்டப்படி இறக்கிக்கொள்ளலாம், அச்செடுத்துப் பகிரலாம். 2014 கையேட்டின் ஒன்பது இனமும் அதில் உண்டு. உட்பிரிவு மட்டும் இனத்துக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது, அதனால் மலை ட்வார்ஃப் அதில் கிடைக்காது, குன்று ட்வார்ஃப்தான். பின்னணியும் கோயில் ஊழியர் ஒன்றுதான் இருக்கும். அது போதவில்லை என்றால் அதே தொகுப்பில் பின்னணியை மாற்றி அமைக்கும் விதி இருக்கிறது: உங்களுக்குப் பிடித்த இரண்டு திறமைகள், கருவியோ மொழியோ இரண்டு. பெயரை நீங்களே வையுங்கள். ‘உப்புக் கிடங்குக் காவல்’ என்றுகூட எழுதலாம்.