விண்வெளியில் கழிவறை: வாசகர் கேள்வி

கேள்வி: சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கிய செய்தியைப் படித்த என் மகள், "அங்க பாத்ரூம் எப்படிம்மா போவாங்க?" என்று சாப்பிடும்போது கேட்டாள். அதட்டிவிட்டேன். ஆனால் எனக்கும் பதில் தெரியவில்லை. சொல்லுங்களேன் சார்.
— வாசகி, குடியாத்தம்

பதில்: அதட்டாதீர்கள் அம்மா. காட்பாடியில் நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது, ராக்கெட் என்றாலே பிள்ளைகள் முதலில் கேட்டது இதைத்தான். நாசாவுக்கே இது முதலில் தோன்றவில்லை. 1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்ட் பறக்கப்போவது 15 நிமிடம்தானே என்று ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. புறப்பாடு மணிக்கணக்கில் தள்ளிப்போனதால், அவர் உடைக்குள்ளேயே சிறுநீர் கழிக்க நேர்ந்தது. அப்போலோ வீரர்கள் பின்புறத்தில் பையை ஒட்டிக்கொண்டார்கள். அப்புறம் அதில் கிருமிநாசினியைப் போட்டு அவர்களே பிசைந்துவிட வேண்டும். நிலவுக்குப் போனவர்கள் பட்ட பாட்டில் இதுவும் சேர்த்தி.

அங்கே எதுவும் கீழே விழாது. அதனால் நம் வீட்டில் தண்ணீர் செய்யும் வேலையை அங்கே காற்று செய்கிறது. சிறுநீருக்குப் புனல் வைத்த குழாய். விசிறி காற்றோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். மலத்துக்குச் சின்ன இருக்கை, அதிலும் காற்று இழுப்புதான்; உடம்பு மிதந்து போகாமல் கால்களை மாட்டிக்கொள்ள வேண்டும். மலம் சேரும் பையைக் கட்டி டப்பாவில் போடுவார்கள். டப்பாக்கள் சரக்குக் கலத்தில் ஏறி, அதனோடு வளிமண்டலத்தில் எரிந்துவிடும். வெளியே ஆறேழு மணி நேரம் விண்நடை போகிறவர்களுக்கு டயாப்பர்.

பாலாற்று மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்த ஊர்க்காரன் நான். சிறுநீரை அவர்கள் குடிநீராக்குவதுதான் எனக்குப் பெரிய விஷயம். எடையில்லாத இடத்தில் ஆவி தானாக மேலெழுந்து பிரியாது. அதனால் சுழலும் உருளைக்குள் வைத்துக் காய்ச்சி வடிக்கிறார்கள். வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம் எல்லாம் அதோடு சேர்ந்து சுத்தமாகிறது. 2023-இல் நாசா 98 சதவீத நீரை மீட்டுக் காட்டியது.

நடுவில் ஒரு சிக்கல். எடை தாங்கும் வேலை இல்லாததால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிறுநீரில் போகிறது. அந்தக் கால்சியம், சிறுநீரில் அவர்கள் முன்பு சேர்த்த சல்பூரிக் அமிலத்தோடு கலந்து ஜிப்சமாகப் படிந்து இயந்திரத்தையே அடைத்துவிட்டது. பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகுதான் இன்னும் அதிக நீரை வடிக்க முடிந்தது. உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள். உடம்பும் வேதியியலும் ஒன்றாக வருகிற இடம் இது.