நாடகத்துக்கு உபயம் யார்?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் நாடகக் குழு நடத்துகிறோம் அம்மா. வருடா வருடம் திருவிழாவுக்கு அதே புராண நாடகம், அதே படுதா. இந்த முறை புதிதாக ஒன்று போட ஆசை. செலவைக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. அன்னதானம் என்றால் அள்ளிக் கொடுக்கிறவர்கள், நாடகம் என்றதும் பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை என்கிறார்கள். வெளிநாட்டில் ஓபரா என்கிற இசை நாடகம் போடும் கம்பெனிகள் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிது புதிதாகப் போடுகின்றனவே, பணம் எங்கிருந்து வருகிறது?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: டிக்கெட் பணம் மட்டும் எங்கேயும் போதாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி, பிரான்ஸில் அரசு மானியம் கைகொடுக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார் நன்கொடைதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் புதுத் தயாரிப்பு வந்தால், அது யார் உபயம் என்று நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சடித்துவிடுவார்கள். நம் கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதுவது போலத்தான். என்ன, அங்கே வெளிச்சம் மறையாது!

1981-இல் அங்கே 'லா போஹேம்' என்ற ஓபரா புதிய தயாரிப்பாக மேடையேறியது. இயக்கமும் செட்டும் இத்தாலிக்காரர் பிராங்கோ ஜெஃபிரெல்லி. பணம், டெக்சாஸைச் சேர்ந்த சிபில் ஹாரிங்டன் என்ற அம்மாளுடையது. இரண்டாம் அங்கத்தில் பாரிஸ் தெருவே மேடைக்கு வந்துவிடும். காப்பிக்கடை, ஜனக்கூட்டம், குதிரை வண்டி உட்பட. நாற்பது வருடம் தாண்டியும் அதே செட்டுக்குக் கூட்டம் வருகிறது. அரங்கத்துக்கே அந்த அம்மாள் பெயரை வைத்தார்கள். அவருக்குப் பிடித்தது பழைய பாணி, அவர் பணத்தில் வந்தவையும் அப்படியே இருந்தன. பணத்தோடு கொடுப்பவர் ரசனையும் சேர்ந்துதான் வரும், தயாராக இருங்கள்.

குன்னூரில் ஒரு நாடகக் குழுவுக்குப் பல வருடம் கணக்கு எழுதியவள் நான். ரசீது புத்தகத்தை நீட்டினால் நூறு ரூபாயோடு அனுப்பிவிடுகிற ஆள், 'ராஜா வேஷத்து உடுப்பு மொத்தமும் உங்கள் உபயம்' என்றால் நிமிர்ந்து உட்காருவார். படுதா ஒருவர், மைக் செட் ஒருவர் என்று பிரித்துக் கேளுங்கள், நோட்டீசில் பெயரைப் போடுங்கள். ஒத்திகை டீக்கும் ஆர்மோனியக்காரர் சம்பளத்துக்கும் மட்டும் யாரும் உபயம் தர மாட்டார்கள். பெரிய கம்பெனிகளுக்கும் இதே தலைவலிதான். அதற்கு மாதச் சந்தா வசூலிப்பதைத் தவிர வழியில்லை.

அப்புறம், கூட்டுத் தயாரிப்பு. இரண்டு மூன்று ஓபரா கம்பெனிகள் சேர்ந்து ஒரே செட்டுக்குப் பணம் போட்டு, முறை வைத்து ஆடுவது அங்கே சகஜம். நீங்களும் குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு குழுவைப் பிடியுங்கள். பேசி முடித்த அன்றே டேப் வைத்து இரண்டு மேடையையும் அளந்துவிடுங்கள். சின்ன மேடைக்குத்தான் செட் அடிக்க வேண்டும். தட்டி ஒவ்வொன்றும் பிக்கப் வண்டிக்குள் அடங்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்ப முடியாது. ஆடி முடித்ததும் படுதாவை ஈரத்தோடு சுருட்டிவிடாதீர்கள். நம்மூர் மழையில் பூஞ்சை பிடித்துவிடும்.

கேள்வி: நாடகம் போடும் முன்பே ஊரில் சீட்டு விற்றுப் பணம் சேர்த்தால் என்ன?
- இன்னொரு வாசகர், குன்னூர்

பதில்: சேர்க்கலாம். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரும் பைராய்ட் என்ற ஊரில் தன் ஓபரா விழாவுக்கு 300 தாலர் (அந்தக் கால ஜெர்மன் நாணயம்) வீதம் 1000 புரவலர் சீட்டு விற்கப் பார்த்தார். நினைத்த அளவு போகவில்லை. பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் கடன் கொடுத்துத்தான் காப்பாற்றினார். 1876-இல் விழா நடந்தது, நஷ்டத்தில் முடிந்தது, அடுத்த விழா 1882-இல்தான். கடன் கொடுக்க ராஜா இல்லாத நீங்கள் சீட்டுப் பணத்தைக் குழு பெயரில் வங்கியில் போட்டுவையுங்கள். செட் செலவு முழுக்கச் சேர்ந்த பிறகு தச்சருக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.