பி.பி. எண்ணும் புயல் கூண்டும்

கேள்வி: 1980-களில் அச்சான என் பெற்றோரின் திருமணப் பத்திரிகையில், தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இருக்கிறது. அக்காலத்தில் நம் வீட்டில் தொலைபேசியே இல்லை என்கிறார் அம்மா. அப்படியானால் அது யாருடைய எண்?
(வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: அண்டை வீட்டாருடையதாகவோ தெருமுனைக் கடைக்காரருடையதாகவோ இருந்திருக்கும். டிரங்க் கால், அதாவது தொலைபேசி நிலையம் வழியாக இணைக்கப்படும் வெளியூர் அழைப்பு, பதிவு செய்பவர், மறுமுனையில் இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் அதற்குப் 'பர்ட்டிகுலர் பெர்சன்' அழைப்பு என்று பெயர். அந்தச் சுருக்கத்தையே, 'இந்த எண்ணில் கேட்டால் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்' என்ற பொருளில் மக்கள் எழுதிவந்தார்கள். தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் என்பதால், வடசென்னையின் பல தெருக்களில் ஓரிரு வீடுகளில்தான் அது இருந்தது.

பத்திரிகையில் எண்ணை அச்சிடும் முன்பு அந்த வீட்டுக்கு நேரில் சென்று சம்மதம் கேட்பார்கள். அழைப்பு வந்தால் அவ்வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "அக்கா, உங்களுக்குப் போன்" என்று வாசலில் நின்று குரல் கொடுப்பான்; கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பிறர் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கப் பேச வேண்டியிருந்ததால், 'வந்து சேர்ந்தோம்', 'குழந்தை பிறந்தது' என்பதற்கு மேல் பேச்சு நீளாது. மனத்தாங்கலும் கடன் விவரமும் நீல நிற இன்லண்டு லெட்டரில்தான் போயின. மங்கலச் செய்தி சுமந்த கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவியிருப்பதால், எழுத்தறியாதவர்கூட அதைக் கையில் வாங்கும்போதே முகம் மலர்வார்.

தந்தி வேறு வகை. வாழ்த்துத் தந்தியும் உண்டு என்றாலும், சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் காசு வாங்கியதால் அவசரத்துக்கே பெரும்பாலும் அதை நாடினார்கள். எனவே தந்திக்காரரின் சைக்கிள் வாசலில் நின்றாலே வீடு நடுங்கும். என் தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்கு வந்த தந்தி ஒன்றை வாங்கிப் படித்த எதிர் வீட்டுப் பெரியவர், அதில் இருந்ததை உடனே சொல்லாமல், முதலில் அம்மாவை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்பினார். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது, எனக்கு நினைவு வந்தது அந்தப் பெரியவரின் முகம்தான்.

கேள்வி: செல்போன் இல்லாதபோது, புயல் வருவதைக் கடலோர மக்கள் எப்படி அறிந்தார்கள்?
(வாசகர், காசிமேடு)

பதில்: மீனவர்களுக்காக வானொலியில் வரும் வானிலை அறிவிப்பையும், துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டையும் நம்பியிருந்தார்கள். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் எச்சரிக்கையின் அளவைக் காட்டும். "கூண்டு ஏத்திட்டாங்க" என்ற பேச்சு காசிமேட்டிலிருந்து கல்மண்டபம் வரை வாய்வழியே பரவிவிடும். ஆனால், முன்பே கடலுக்குள் போய்விட்டவர்களுக்குக் கரையிலிருந்து சொல்லி அனுப்ப வழியில்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் மணலில் நின்று, தெரியும் ஒவ்வொரு படகின் பாயையும் அடையாளம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 11 எச்சரிக்கைகளில் 8 முதல் 10 வரையிலானவை பேரபாயத்தைக் குறிப்பவை. அவற்றுக்கும் மேலான 11-ஆம் எண் கூண்டுக்குப் பொருள், வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துபோய்விட்டது என்பதாகும்.