அப்பா துபாயில் இல்லை

கேள்வி: என் மகள் உடம்பு முடியாமல் இறந்துவிட்டாள். மருமகன் ஒரு அடிதடி வழக்கில் தண்டனை பெற்று மதுரை மத்திய சிறையில் இருக்கிறார். எட்டாவது படிக்கும் பேத்தியும் நாலாவது படிக்கும் பேரனும் என்னிடம்தான். சின்னவனிடம், அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பேத்தியை வகுப்பில் ‘ஜெயிலு’ என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு மாதமாகப் பள்ளிக்கே போகவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றலாம் என்றால், அப்பா கையெழுத்து இல்லாமல் டி.சி. தர முடியாது என்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், வாடிப்பட்டி

பதில்: அம்மா, டி.சி.யை நினைத்துக் கலங்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, பிள்ளையைக் கூட வைத்து வளர்ப்பவரும் பாதுகாவலர்தான். டி.சி. வரத் தாமதம் என்று சொல்லி, 14 வயதுவரை உள்ள பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது.

ஆனால் பள்ளியை மாற்ற அவசரப்படாதீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் சேதி அடுத்த பள்ளிக்குப் போய்ச்சேர எத்தனை நாளாகும்? தலைமையாசிரியையாக இருந்தபோது இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடும். ‘நாளைக்கு எழுதித் தர்றேன் டீச்சர்’ என்பாள். மறுநாள் வரமாட்டாள்.

வகுப்பாசிரியரை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்தப் பட்டப்பெயரை நிறுத்துவது அவர் பொறுப்பு. பிள்ளையை மனதளவில் வதைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது.

அதைவிட முக்கியம், துபாய்க் கதையை விட்டுவிடுங்கள். தம்பிக்காகச் சொன்ன பொய்யை அக்காதான் சுமக்கிறாள். வகுப்பில் ‘ஜெயிலு’ என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து துபாய் என்று நடிக்கிறாள். பதின்மூன்று வயசுக்கு இது தாங்குமா? சின்னவனை உட்காரவைத்து, ‘அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டாரு, அதுக்குத் தண்டனை. அது உன்னால இல்ல’ என்று சொல்லுங்கள். அழுவான், அழட்டும். பிறகு இருவரையும் கூட்டிப்போய் மனு போட்டு அப்பாவைப் பார்க்க வையுங்கள். பள்ளி கெடாதபடி எந்த நாளில் வரலாம் என்று சிறை நல அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேத்தி வாங்கிய மார்க்கை அவளே அப்பாவிடம் சொல்லட்டும். படிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டால், நாம் பத்து நாள் சொல்லும் புத்திமதியைவிட அது வேலை செய்யும்.

செலவுக்கு: தாயோ தந்தையோ இறந்து, மற்றவர் சிறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, தமிழக அரசின் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் உண்டு. மகளின் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் ஆதார், வயதுச் சான்று, மருமகனின் தண்டனை விவரம் ஆகியவற்றோடு மதுரையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். பள்ளியில் இழுத்தடித்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். போக முடியாத நாளில் 1098-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது.