மூன்றாவது தராயின்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் குறிப்பேட்டைப் புரட்டியபோது, "1192, இரண்டாம் தராயின் போர்: இந்தியாவில் முஸ்லிம் ஆட்சியின் தொடக்கம்" என்ற வரி சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டிருந்தது. அதே வாரம் எங்கள் உறவினர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கன்னோசி மன்னன் ஜெயச்சந்திரன் பிருதிவிராஜன் மீதிருந்த வஞ்சத்தால் கோரி முகமதுவை அழைத்து வந்தான் என்றும், இந்துக்களிடம் ஒற்றுமை இல்லாததே தோல்விக்குக் காரணம் என்றும், கண்கள் பறிக்கப்பட்ட பிறகும் பிருதிவிராஜன் கஜினியில் கோரியை அம்பெய்து கொன்றான் என்றும் அதில் இருந்தது. இவற்றில் எதை நம்புவது? ஒரு நாள் போரில் ஓர் ஆட்சி தொடங்கிவிடுமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

அம்புக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அஜ்மீரை ஆண்ட சௌகான் மன்னன் பிருதிவிராஜன், இன்றைய ஹரியானாவிலுள்ள தராயினில் கோரியிடம் தோற்ற பிறகு இறந்தது 1192இல். கோரி முகமது கொல்லப்பட்டது 1206இல், லாகூரிலிருந்து கஜினிக்குத் திரும்பும் வழியில் தமியக் என்ற இடத்தில் முகாமிட்டிருந்தபோது. பதினான்கு ஆண்டு இடைவெளியைத் தாண்டி எந்த அம்பும் பாயாது. பிற்கால வீரகாவிய மரபு தன் நாயகனுக்குச் செய்த மரியாதை அது. அந்த மரியாதையின் காரணம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது வரலாறாகிவிடாது.

ஜெயச்சந்திரன் மீதான பழிக்கும் ஆதாரம் இல்லை. அந்தக் காலத்துக்கு நெருக்கமான பாரசீக நூல்களை எழுதிய ஹசன் நிஜாமியோ மின்ஹாஜ் சிராஜோ அவன் கோரியை அழைத்ததாகச் சொல்லவில்லை; வென்ற பக்கத்தைச் சேர்ந்த அவர்களுக்கு அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. மேலும், தராயினுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1194இல், யமுனைக் கரையில் சந்தாவர் என்ற இடத்தில் அதே கோரியின் படையோடு போரிட்டுத்தான் ஜெயச்சந்திரன் மாண்டான். வேரில் ஆட்டம் கண்டிருந்த பற்களைத் தங்கக் கம்பியால் கட்டியிருந்ததால்தான் அவன் உடலை அடையாளம் காண முடிந்தது என்று அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீர் எழுதுகிறார். அந்தக் கிழவனைத்தான் நாம் பல நூற்றாண்டுகளாகத் துரோகி என்கிறோம்.

ஒற்றுமையின்மை என்ற விளக்கம் இதைவிட மரியாதையாகத் தோன்றுவதால் அதிகம் ஏமாற்றுகிறது. பிருதிவிராஜனின் சௌகான்களும் மத்திய இந்தியாவின் சந்தேலர்களும் குஜராத்தின் சாளுக்கியர்களும் ஜெயச்சந்திரனின் காஹடவாலர்களும் தமக்குள் ஓயாமல் மோதிக்கொண்டது உண்மை. பிருதிவிராஜனே 1182 வாக்கில் சந்தேலர் நாட்டைச் சூறையாடியதற்குக் கல்வெட்டு இருக்கிறது. ஆனால் எதிர்த் தரப்பு மட்டும் ஒற்றுமையின் இலக்கணமாகவா இருந்தது? கோரிகள் இன்றைய ஆப்கானிஸ்தானின் மலைநாட்டிலிருந்து எழுந்து, தங்களைப் போலவே முஸ்லிம்களான கஜினி அரசர்களின் தலைநகரைக் கொளுத்தி, 1186இல் அவர்களின் கடைசிப் பிடிமானமான லாகூரையும் பறித்தவர்கள். மத்திய ஆசியாவின் குவாரிஸ்ம் அரசோடு அவர்கள் நடத்திய போர் முடிந்தபாடில்லை. 1178இல் குஜராத்துக்குள் நுழைந்த கோரி முகமது சாளுக்கியப் படையிடம் அடிபட்டுத் திரும்பியபோது, அந்த வெற்றிக்கு வட இந்தியாவின் ஒற்றுமை தேவைப்பட்டிருக்கவில்லை.

1191இல் நடந்த முதல் தராயினிலும் அப்படித்தான். மின்ஹாஜின் வருணனை கண்முன் நிற்கிறது. பிருதிவிராஜனின் பக்கம் நின்று யானை மேலிருந்த டெல்லியின் கோவிந்தராஜனை நோக்கிக் குதிரையை விட்ட கோரி, ஈட்டியால் குத்தி அவனுடைய இரண்டு பற்களை உடைக்கிறான். பதிலுக்கு கோவிந்தராஜன் எறிந்த வேல் கோரியின் கையைத் துளைக்கிறது. குதிரையிலிருந்து சாயப்போன சுல்தானை ஒரு கில்ஜி இளைஞன் பின்னால் தாவி ஏறி, தாங்கிப் பிடித்து, களத்திலிருந்து கொண்டுபோய்விடுகிறான். பிருதிவிராஜன் துரத்தவில்லை, கோரி பிடித்துவைத்திருந்த தபர்ஹிந்தா கோட்டையை மீட்கவே அவனுக்குப் பதின்மூன்று மாதங்கள் ஆயின. அடுத்த ஆண்டு கோரி திரும்பி வந்தபோது, குதிரை மேலிருந்தே அம்பெய்யும் இலகு வீரர்களைப் பிரிவுகளாக்கி, நெருங்கி மோதாமல் நாலாபுறமும் எய்துகொண்டே இருக்கச் செய்து, யானைகளையும் கனத்த படையையும் களைக்க வைத்தான். களத்தில் கிடந்த கோவிந்தராஜனின் தலையை, உடைந்த அந்த இரண்டு பற்களைக் கொண்டு கோரி அடையாளம் கண்டதாக மின்ஹாஜ் எழுதுகிறார். மீண்டும் பற்கள்! மத்திய ஆசியக் குதிரை, ஓடும் குதிரையில் வில்வித்தை, தோற்ற பிறகு ஓராண்டில் மறுபடையைத் திரட்டும் வலிமை ஆகியவையே வெற்றியைத் தந்தன.

ஆனால் வெற்றி வேறு, ஆட்சி வேறு. வென்ற கோரி அஜ்மீரைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவரவில்லை. பிருதிவிராஜனின் மகனையே கப்பம் கட்டும் அரசனாக அங்கே அமர்த்தினான். கோரி வெளியிட்ட தங்கக் காசு ஒன்றின் படத்தை நான் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் காஹடவாலர் காசுகளில் இருந்த அதே அமர்ந்த நிலை லட்சுமி, சில கோடுகளாகச் சுருங்கிப்போன உருவம். மறுபக்கம் நாகரி எழுத்தில் "ஸ்ரீ மஹமத பினி ஸாம", அதாவது ஸாமின் மகன் முகமது. கடைவீதியில் எந்தக் காசு செல்லுமோ அதையே அச்சடித்தவர்களின் காரியம் இது. இதைச் சமய நல்லிணக்கம் என்று கொண்டாடுபவர்கள் டெல்லியில் கோரியின் அடிமைத் தளபதி குத்புத்தீன் ஐபக் எழுப்பிய மசூதியின் வாயிலையும் பார்க்க வேண்டும். இருபத்தேழு கோயில்களின் பொருட்களைக் கொண்டு கட்டப்பட்டதாக அங்கே பாரசீகக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. சங்கிலியில் தொங்கும் மணி செதுக்கிய கோயில் தூண்கள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. இரண்டையும் செய்தது ஒரே கூட்டம், ஏறத்தாழ ஒரே காலத்தில். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கும் எழுத்தை நான் மதிப்பதில்லை.

இனி நீங்கள் கேட்ட தொடக்கம். கோரிக்கு ஆண் வாரிசு இல்லை. அதைச் சொல்லி யாரோ வருந்தியபோது, மற்ற சுல்தான்களுக்கு ஒன்றிரண்டு மகன்கள், எனக்கோ என் துருக்கிய அடிமைகளாக ஆயிரம் ஆயிரம் மகன்கள் என்று அவன் பதில் சொன்னதாக மின்ஹாஜ் குறிக்கிறார். விலைக்கு வாங்கி, போரும் நிர்வாகமும் பழக்கி, படைத்தலைமை வரை உயர்த்தப்பட்டவர்கள் இவர்கள். 1206இல் எஜமானன் கொல்லப்பட்டதும் 'மகன்கள்' சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள்: கஜினி யில்திஸுக்கு, சிந்து குபாச்சாவுக்கு, வட இந்தியா ஐபக்குக்கு. ஐபக் முடிசூடியதும், 1210இல் போலோ ஆடும்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்ததும், புதைக்கப்பட்டதும் லாகூரில்தான். அதுவரை டெல்லி ஒரு படைத்தளம், அவ்வளவே.

ஐபக்கின் அடிமையும் மருமகனுமான இல்துமிஷ் டெல்லியைக் கைப்பற்றியபோது, கஜினியிலிருந்து யில்திஸ் அவனுக்கு ஒரு குடை அனுப்பினான். குடையின் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. நான் தந்து நீ ஆள்கிறாய் என்பது செய்தி, இல்துமிஷ் வாங்கிக்கொண்டான். 1215இல் குவாரிஸ்ம் படை யில்திஸைக் கஜினியிலிருந்து விரட்டவே, அவன் பஞ்சாபுக்குள் இறங்கி லாகூரைப் பிடித்து, தன் உரிமையைக் கேட்டு டெல்லியை நோக்கி நகர்ந்தான். 1216இல் இருவரும் மோதிய களம் எது தெரியுமா? அதே தராயின். தோற்ற யில்திஸ் படாவூன் சிறைக்கு அனுப்பப்பட்டு அங்கே மாண்டான். பாடநூல்கள் முதலாம், இரண்டாம் தராயின் என்று எண்ணிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. இந்த மூன்றாவதைத்தான் நான் டெல்லி அரசின் பிறந்தநாளாகக் கருதுகிறேன், ஏனென்றால் டெல்லி கஜினியின் கிளையா, தனி அரசா என்ற வழக்கு அன்றுதான் தீர்ந்தது.

தீர்ப்பை மாற்ற முடியாதபடி செய்தது செங்கிஸ்கான். 1221இல் அவன் குவாரிஸ்ம் இளவரசன் ஜலாலுத்தீனைச் சிந்து நதி வரை துரத்தி வந்தபோது, இளவரசனுக்கு இல்துமிஷ் புகலிடம் தரவில்லை. கஜினியும் குராசானும் மங்கோலியர் கையில் அழிய, அங்கிருந்த அறிஞர்களும் எழுத்தர்களும் இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். மின்ஹாஜே அப்படி 1227இல் உச் நகருக்கு வந்த அகதிதான். அவர் பிறந்தது 1193இல். நாம் மேலே கண்ட தராயின் காட்சியை அவர் 1260இல் டெல்லி சுல்தானின் நிழலில் அமர்ந்து எழுதினார் என்பதை நினைவில் வைத்து அதைப் படிக்க வேண்டும். திரும்பிப்போக ஊர் இல்லாதவர்களின் அரசாக டெல்லி மாறியது. 1229இல் பாக்தாத் கலீபாவின் அங்கீகாரம் வந்தது. லட்சுமியின் இடத்தில் அரபு எழுத்துகள் மட்டுமே கொண்ட, தங்கா என்ற வெள்ளிக் காசு வந்தது. அப்போதும் ராஜஸ்தானின் ரந்தம்பூர் கோட்டையை டெல்லி 1226இல் பிடித்து, பிறகு இழந்தது; கடைசியாக அலாவுத்தீன் கில்ஜி 1301இல்தான் அதைச் சௌகான்களிடமிருந்து முழுதாகப் பறிக்க முடிந்தது.

ஆளப்பட்டவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள்? வடமொழிக் கல்வெட்டுகள் வந்தவர்களைத் துருஷ்கர், சகர், அமீர் என்பதிலிருந்து வந்த ஹம்மீரர் என்றெல்லாம் குறிக்கின்றன. பெரும்பாலும் இனப்பெயர்கள், பட்டப்பெயர்கள். நம் 'துலுக்கர்' அந்தத் துருஷ்கரின் பேரன். டெல்லி விமான நிலையத்தை ஒட்டிய பாலம் என்ற ஊரில் (பெயர்தான் நம்முடையது, ஆறு கிடையாது) உத்தரன் என்ற செல்வந்தன் 1276இல் ஒரு படிக்கிணறு வெட்டி, சமஸ்கிருதக் கல்வெட்டு பொறித்தான். இந்த நிலத்தை முதலில் தோமரர் ஆண்டனர், பிறகு சௌகான்கள் ஆண்டனர், இப்போது சகர் ஆள்கின்றனர் என்று ஒரே மூச்சில், இடையில் ஒரு பெருமூச்சும் இல்லாமல் அது சொல்கிறது. சுல்தான் பால்பன் பூமியின் பாரத்தைச் சுமப்பதால் கவலையற்ற திருமால் பாற்கடலில் நிம்மதியாகத் துயில்கிறார் என்றும் பாடுகிறது. இது பணம் படைத்தவனின் குரல், ஆள்பவனை மகிழ்விக்கும் குரல். கோயிலை இழந்த ஊரார் கல்லில் எழுதும் வசதி பெற்றிருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார்கள். ஆயினும் மின்ஹாஜின் பாரசீகத்தோடு சேர்த்து வாசிக்க நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் இந்தக் கிணற்றுக் கல்லும் ஒன்று.

உங்கள் மகள் தேர்வில் 1192 என்றே எழுதட்டும். 1216க்கு யாரும் மதிப்பெண் தரமாட்டார்கள். குறிப்பேட்டின் ஓரத்தில் வேறு மையில் அதைக் குறித்துவைத்தால் போதும்.